ஜூலை ஒன்பது

உலகப் போரின் கடைசி வருடத்தில் நடந்ததையெல்லாம் பெரிய அட்டையில் தேதிவாரியாக எழுதி வரச் சொன்னார் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. தேதி இல்லாத சம்பவத்துக்குப் புள்ளி கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், எங்கள் வீட்டுத் தரையில் படுத்தபடி எழுதினேன். மே மாதம் ஜெர்மனி சரண். ஆகஸ்டில் இரண்டு குண்டுகள், பிறகு ஜப்பானும் சரண். நடுவில் ஜூலை மட்டும் மொட்டையாகக் கிடந்தது. பார்க்க நன்றாக இல்லை. அங்கே என் தாத்தாவைப் போட்டேன்.

அப்பாவைப் பெற்றவர் அவர். டெங்கில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அவரை, சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் லோரியில் ஏற்றிக்கொண்டு போனான். திரும்பவில்லை. வீட்டில் யாருக்கும் அதற்கு மேல் தெரியாது. ‘ஜூலை 9, சயாமில் என் தாத்தா இறந்தார்’ என்று சிவப்பு மையில் எழுதினேன். ஒன்பது எனக்கு அழகாக எழுத வரும்.

வேலை முடிந்து வந்த அப்பா அட்டையைப் பார்த்துவிட்டு, சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தத் தேதிய யாரும்மா சொன்னா?"

"டீச்சர்," என்றேன். நாக்கு கொஞ்சமும் கூசவில்லை.

தேதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் திதி கொடுக்கலாம் என்று பலர் சொல்லியும், செராஸிலிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, சம்மதித்ததே இல்லை. "செத்தத யாரு பார்த்தா? நாள சொல்லு, கும்பிடுறேன்," என்று நாற்பது வருடமாக அப்பாவின் வாயை அடைத்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அட்டையைச் சுருட்டிக்கொண்டு என்னையும் அங்கே கூட்டிப் போனார்.

"டீச்சர்கிட்ட அந்தக் காலத்து லிஸ்டு இருக்காம்க்கா. அதுல நம்மப்பா பேரு இருக்கு."

லிஸ்ட் என்று நான் சொல்லவே இல்லை. அத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்த ஒன்பதை விரலால் தடவினார். பிறகு "அப்பா" என்று பெருங்குரலெடுத்து அழுதார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த ஜூலையில் முதன்முறையாகத் தாத்தாவுக்கு இலை போட்டுப் படைத்தோம். பிறகு வருடம் தவறியதில்லை. எனக்குத்தான் சோறு இறங்காது. அப்பா ஆசிரியையைக் கேட்டுவிட்டால் தொலைந்தேன். இருவரும் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் சந்திப்பார்கள். என் கணக்கைப் பற்றி விசாரிப்பார், கையெழுத்தைப் பற்றி விசாரிப்பார். தேதியைப் பற்றி அப்பா ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. பாவம், அவருக்கு ஞாபகமறதி, நான் தப்பித்தேன் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.