வேதாசலம் கொடுத்த ஜீப்

இதை யாரோ கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு நடை போய் அருள்தாஸைப் பார்த்துவிட்டு வரட்டும். நல்ல டிரைவர் அவன். இன்றைக்கு ஸ்டியரிங்கைத் தொடமாட்டான். ஜீப் வந்தால் ரோட்டை விட்டு இறங்கி நிற்பான். அவன் வாயால் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை.

எண்பத்தொன்றாம் வருடம், கத்திரி வெயில் தொடங்கிய சமயம். மடத்து சிஸ்டர்கள் நடத்திய இலவச வைத்தியசாலைக்கு அருள்தாஸ் டிரைவர். பேர்தான் டிரைவர், ஓட்டுவதற்கு வண்டி கிடையாது. வலி எடுத்த பெண்களை மாட்டுவண்டியில்தான் கொண்டுபோவார்கள். அப்போதுதான் காவாந்தண்டலத்துப் பண்ணைக்காரர் வேதாசலம், தன் குடும்பம் ஏறியிறங்கிய ஜீப்பைத் தர்மமாகக் கொடுப்பதாகச் சொல்லியனுப்பினார். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன்! ஊரே வாயைப் பிளந்தது. சிஸ்டர்களுக்கோ கால் தரையில் பாவவில்லை.

ஜீப்பைக் கொண்டுவந்தவன் பண்ணையாள் சேட்டு. சாவியைக் கையில் தரவில்லை. பானெட் மேல் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

“வா சேட்டு, ஊர்ல வுட்டுட்டு வரேன்.”

“வேணாம்பா. நடந்தே போய்க்கிறேன்.”

மண்டையைப் பிளக்கிற வெயில். அவன் காலில் செருப்புகூட இல்லை. திரும்பிப் பார்க்காமல் போனான். என்ன ஜென்மமோ என்று அருள்தாஸ் சிரித்துக்கொண்டான்.

இரண்டொரு நாளில் அவனுக்கு ஒன்று உறுத்தியது. பின்னால் ஆளே இல்லாதபோது பக்கத்துத் தகரத்தில் தட்டும் சத்தம். டக்... டக். வண்டியை நிறுத்தச் சொல்லித் தட்டுவோமே, அதே மாதிரி. எங்கேயோ போல்ட் ஆடுகிறது என்று ஸ்பேனர் எடுத்து ஒன்றுவிடாமல் முடுக்கினான். மறுநாளும் தட்டியது.

அந்த வாரமே அவன் மனைவி செல்லாயிக்கு வலி கண்டது. தலைச்சன் பிள்ளை. வயிற்றைத் தொட்டுப் பார்த்த சிஸ்டரின் முகம் மாறிவிட்டது. “குழந்தை குறுக்க கீது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடு. லேட் பண்ணா ரெண்டு உயிரும் தங்காது” என்றார். அருள்தாஸ் செல்லாயியைப் பின்னால் படுக்கவைத்து, மாமியார் மார்த்தாளைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியைக் கிளப்பினான். நடு மத்தியானம். ஏரிக்கரை ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை.

டக்... டக்.

சட்டென்று நிறுத்தினான்.

“இன்னாத்துக்குப்பா நிறுத்தன?” மார்த்தாள் பதறினாள்.

“நீதான தட்டுன?”

“நான் இன்னாத்துக்குத் தட்டறேன்? ஓட்டுப்பா, புள்ள துடிக்குது!”

மறுபடி ஓட்டினான். பின்னால் செல்லாயி முனகுவது கேட்டது.

“அம்மா... கைய வுட்றாத. ரெண்டு கையையும் நீ புடிச்சிக்கினு கீறதாலதான் தாங்கறேன்...”

அருள்தாஸ் கண்ணாடியில் பார்த்தான்.

மார்த்தாள் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் விசிறி. அவளும் தன் கைகளைத்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. ஏசுவே... ஏசுவே...

அருள்தாஸ் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான்.

டக்... டக்.

அவன் நிறுத்தவில்லை.

டக்... டக்... டக்... டக்...

பிறகு, காதுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் குரல்.

“வூடு வந்துட்ச்சா?”

செல்லாயி குரல் இல்லை. மார்த்தாள் குரலும் இல்லை.

திரும்பவில்லை.

ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தது எப்படி என்று அவனுக்கே தெரியாது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

தர்மமாக வந்த ஜீப், சிஸ்டரிடம் பேயைப் பற்றி எப்படிப் பேசுவது? வெயிலில் காது அடைத்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். தையல் பிரித்த பிறகு அதே ஜீப்பில்தான் அழைத்துவந்தான். வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவனுக்குச் சந்தோஷம் தலைக்கேறியது. குதித்திறங்கிப் பின்பலகையைத் திறந்தான்.

“வூடு வந்துட்ச்சி! எல்லாரும் எறங்குங்க!”

குழந்தையோடு மார்த்தாள் இறங்கினாள். செல்லாயி மெதுவாக இறங்கினாள். ஆள் இறங்கும்போது வண்டி கிறீச் என்று மேலே எழும்பும் அல்லவா? இரண்டு தடவை எழும்பியது.

கொஞ்சம் பொறுத்து, மூன்றாவது தடவையும் எழும்பியது...

அதற்குப் பிறகு ஜீப்பில் தட்டும் சத்தமே இல்லை. மார்த்தாளும் தன் ஊரான புள்ளலூருக்குத் திரும்பிப் போனாள். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

ஒரு நாள் சந்தையில் சேட்டு எதிர்ப்பட்டான். அருள்தாஸ் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

“உண்மைய சொல்லு. அந்த ஜீப்ல யாரு?”

சேட்டு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“எங்க பண்ண மருமவ, மலர்க்கொடி. மொத பிரசவம். ஆஸ்பத்திரி போற வயில ஜீப்லயே உயிர் பூட்ச்சி. கொயந்தயும் போச்சி.”

“அப்புறம்?”

“பொணத்த வூட்டுக்கு எட்டாந்தா, பேர் சொல்லி ‘வூடு வந்துட்ச்சி, எறங்கு’ன்னு கூப்புடணும் இல்ல? இல்லன்னா ஆவி வண்டிலயே தங்கிடும். கூப்ட்டோம். பூசாரிய வெச்சிகூட கூப்ட்டோம். எறங்கல. புள்ள இல்லாத வூட்ல எறங்கமாட்டேன்னுதுன்னு பூசாரி சொன்னாரு. தர்மத்துக்குக் குட்தா தொல்ல வுட்டுடும்னு அய்யா உங்க தலைல கட்டிட்டாரு. இப்பவும் தட்டுதா?”

“இல்ல... எறங்கிட்ச்சி போல.”

“எங்க எறங்கிச்சி?”

அருள்தாஸ் அங்கிருந்து ஓட ஆரம்பித்தான். மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தான். தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. செல்லாயி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னாய்யா, மவ மேல அவ்ளோ பாசமா? ராவுல அது சிணுங்கறதுக்குள்ள எய்ந்து தூளிய ஆட்டிட்ற. நான் கண்ணையே தொறக்க வேணாம்.”

அருள்தாஸ் படுத்தால் விடிந்துதான் எழுவான். குழந்தை வந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட அவன் தூளியைத் தொட்டதில்லை.