புளிக்காய்ச்சல் ஏறிய கப்பல்

கப்பலில் முதல் நாள் இரவுச் சாப்பாடு முடியும்போது ஹெட் வெயிட்டர் ஜோயல் என் நாற்காலிப் பக்கம் வந்து குனிந்து, "நாளை இரவு என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். இன்றைய சோறே இன்னும் தொண்டையைத் தாண்டவில்லை. அதற்குள் நாளைய மெனு அட்டையை நீட்டுகிறார். இப்போதே சொல்லிவிட்டால் எனக்கென்று தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டி போட்டுச் சமைப்பார்களாம். எனக்குக் கோதுமை ஆகாது. தும்மலோடு போகிற ஒவ்வாமை இல்லை. ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் குடலைப் புண்ணாக்கிப் படுக்கையில் போடுகிற வியாதி. சிட்னிக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் ஒரு டாக்டர் அதற்குப் பெயரே சொன்னார். கப்பலில் என் தட்டு வரும்போது பல்குச்சியில் ஒட்டிய சின்னக் காகிதக் கொடி ஒன்று அதன்மேல் நட்டிருக்கும். ஆபத்தான ஆசாமி என்று ஊருக்கே அறிவித்துவிட்டுச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மதுராந்தகத்திலிருந்து என்னைப் பார்க்கச் சிட்னிக்கு வந்து, என்னோடு இந்த உல்லாசக் கப்பலில் ஏறியிருந்த அப்பாவுக்கு இதெல்லாம் பெரிய கூத்தாக இருந்தது. "இன்னாம்மா இது? நாளைக்கு இன்னா சாப்டுவேன்னு விருந்தாளியத்தான் கேப்பாங்க. வூட்டு மனுசங்கள யாராவது கேப்பாங்களா? இருக்கறதப் போட்டா சாப்டப் போறோம்" என்றார். ஜோயல் அவர் பக்கம் திரும்பி, உங்களுக்கு ஏதாவது ஆகாதா என்று கேட்டார். அது புரட்டாசி மாதம். சனிக்கிழமை வெங்காயம், பூண்டு வேண்டாம் என்று அப்பா சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். "மற்ற நாட்களில் வெங்காயம் சாப்பிடுவாரா?" சாப்பிடுவார். "சனிக்கிழமை மட்டும்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதா?" ஜோயல் கேலி செய்யவில்லை; கவலையோடுதான் கேட்டார். பெருமாளை எப்படி விளக்குவது என்று தெரியாமல் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். சனிக்கிழமை அப்பாவின் தட்டிலும் ஒரு கொடி பறந்தது. "பரவால்ல, பெருமாளுக்கே கொடி ஏத்திட்டான்!" என்று அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று இப்போது தோன்றுகிறது.

நான் சின்ன வயதிலிருந்தே நோஞ்சான். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அடுப்பு அப்பாவின் கைக்கு வந்தது. கல்பாக்கத்துப் பக்கம் ஊழியர் குடியிருப்பு ஒன்றில் கேன்டீனுக்குச் சாமான் வாங்கிப் போடுகிற வேலை அவருக்கு. பிள்ளை தேறவே மாட்டேன் என்கிறாளே என்று செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் காட்டினார். சத்தாக ஏதாவது கொடுங்கள் என்றார் டாக்டர். அவ்வளவுதான், ரேஷன் கோதுமையைக் களைந்து, மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் ரவையாக உடைத்து வந்து, விடியற்காலையில் பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன்னால் வெல்லம் போட்டுக் கஞ்சி காய்ச்சுவார். நான் குடித்து முடிக்கிறவரை எதிரில் நிற்பார். "ஒரு சொட்டு வெக்கக் கூடாது." நானும் வைத்ததில்லை. வயிறு உப்பிக்கொண்டு வலிக்கும். இன்னும் சத்து போதவில்லை என்று மறுநாள் டம்ளர் பெரிதாகும்.

லீவு நாட்களில் மாமல்லபுரம் கூட்டிப் போவார். கடையில் எதையும் தொட விடமாட்டார். எண்ணெய் எந்தக் காலத்து எண்ணெயோ என்பார். வீட்டிலிருந்து கட்டிவந்த புளியோதரையைச் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். புளிக்காய்ச்சல் அவருடைய கைமணம். கேன்டீன் சமையல்காரர்களே கேட்டு வாங்கிப் போவார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் வாந்தி எடுப்பேன். மூக்கருகே எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, "கடக்காத்து ஒத்துக்கல, பாவம்" என்பார். வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்.

கோதுமைதான் காரணம் என்று சிட்னி டாக்டர் சொன்னதை அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் அசரவே இல்லை. "அந்த ஊரு கோதும அப்பிடி. இன்னா மருந்து அடிக்கறானோ! நம்ப ரேஷன் கோதுமயில கஞ்சி குடிச்சிதானே வளந்த, இன்னா ஆச்சி?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். இது பிறப்போடு வருகிற வியாதி, அந்தக் கஞ்சிதான் என்னைத் தின்றது என்று கடல் தாண்டிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கஞ்சி அவருடைய பெருமை. அதை அவரிடமே விட்டுவைத்திருந்தேன்.

கப்பலில் ஜோயலின் கொடிச் சோற்றை மட்டும் சாப்பிட்ட அந்தச் சில நாட்களில் உடம்பு பஞ்சாக இருந்தது. கோதுமையை விட்ட பிறகும் சிட்னி வீட்டில் அவ்வப்போது வயிறு படுத்தும். அப்பா வந்து சமைக்க ஆரம்பித்ததிலிருந்து தினமும் படுத்தியது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கோ நான் தழையும் அவித்த உருளைக்கிழங்கும் சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் ஜோயலிடம் வெறும் சோறு கேட்டு வாங்கி அறைக்குக் கொண்டுவந்தார். பெட்டியிலிருந்து துணிக்குள் சுற்றிய பாட்டில் வெளியே வந்தது. என் சமையலறையிலேயே காய்ச்சி, எனக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருக்கிறார். நல்லெண்ணெய் மிதக்கிற புளிக்காய்ச்சல். "இதுல ஏது கோதும? எல்லாம் நம்ப வூட்டு சாமான். வாயத் தொற" என்று பிசைந்து உருட்டி ஊட்டினார். அடடா, அந்த ருசி! ஜன்னலுக்கு வெளியே யாருடைய கடலோ ஓடிக்கொண்டிருக்க, சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்திருப்பவள்போல வாங்கி வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்று மாலையே சுருண்டு விழுந்தேன். கப்பல் டாக்டர் வந்து ஊசி போட்டார். அப்பா நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி ஜோயலைப் பிடித்துக் கத்தியிருக்கிறார். மறுநாள் ஜோயல் அறைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. சமையலறையில் எல்லாவற்றையும் சோதித்துவிட்டார்களாம், தப்பு எங்கே என்று தெரியும்வரை மேசை வேலையிலிருந்து அவரை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். முதல் நாளே மணிலாவில் இருக்கும் தன் பிள்ளைகளின் போட்டோவைக் காட்டிய மனிதர். "வெளியே வேறு ஏதாவது சாப்பிட்டீர்களா, மேடம்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வெளிய இன்னா சாப்ட்டா? வூட்டு சாப்பாடுதான் சாப்ட்டா. காட்டறேன், பாக்கச் சொல்லு!" அப்பா பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஜோயல் கேட்டார். அப்பா சொல்லச் சொல்ல நான் படுத்தபடியே மொழிபெயர்த்தேன். புளி. மிளகாய். வெந்தயம். நல்லெண்ணெய். பெருங்காயம். அது என்ன என்றார் ஜோயல். சாமான் விஷயத்தில் கேட்டால் அப்பா விடுவாரா? உற்சாகமாக ஆரம்பித்தார். "அது காபூல் பக்கத்துலேருந்து வர்ற ஒரு செடியோட பாலு. அப்பிடியே போட்டா காட்டம் தாங்காது. அதான் மைதா கலந்து பெசஞ்சி, கட்டியாக்கி..."

செடியின் பால் என்பதுவரை சொல்லிவிட்டேன். அடுத்த சொல் மைதா. மைதா என்றால் கோதுமை மாவு. ரசத்துக்கும் சாம்பாருக்கும் நானே கை நிறையப் போடுகிற பெருங்காயம். ஜோயல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னால் அவர் வேலை மிஞ்சும். சொன்னால் அப்பாவுக்கு என்ன மிஞ்சும்?

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார். மெதுவாக மூடியைத் திருகி மூடினார். "சொல்லும்மா" என்றார். "அவன் பொழப்பு போயிடப் போவுது."

சொன்னேன். ஜோயல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி நன்றி என்றார். அப்பா அவர் தோளைத் தட்டி, தான் கத்தியதற்கு "சாரி, சாரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜோயல் போன பிறகு பாட்டிலை ஒரு பையில் போட்டுக் கட்டி, அறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

நடக்கத் தெம்பு வந்ததும் மேல்தளத்தில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "அப்ப, சின்னதுல குடிச்ச கஞ்சி?"

"அது வேறப்பா. நம்ம ஊர்க் கோதுமை."

"கோதும கோதுமதான். பெருங்காயத்துல இத்தினியூண்டு மைதா கலந்ததுக்கே இப்பிடின்னா... ஒரு சொட்டு வெக்கக் கூடாதுன்னு நின்னுகினு இருந்தனேம்மா."

அழுதுவிட்டேன். யாருக்குமே தெரியாதுப்பா, டாக்டருக்கே தெரியவில்லையே, நீ இல்லையென்றால் நான் ஏது என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாம் உண்மைதான். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அந்த வியாதியைப் பற்றி அவரிடம் இதமாக, நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். இப்படி ஒரு புளிக்காய்ச்சல் பாட்டில் சொல்லும்படி ஆகிவிட்டது. அன்று மாலை ஜோயல் பழையபடி அட்டையோடு வந்தபோது அப்பா கேலி பேசவில்லை. "அவன்கிட்டயே சாப்டும்மா. அவன் கையில பத்திரமா கீற" என்றார்.

அடுத்த முறை மதுராந்தகம் போனபோது வீட்டில் பெருங்காயம் இல்லை. கோதுமை இல்லை. கடையில் அப்போதுதான் வாங்கிய இரண்டு பாத்திரங்கள், ஒரு கரண்டி, ஒரு தட்டு தனி அலமாரியில் துணி போட்டு மூடியிருந்தன. என்னுடையவை. இரவு சோறும் வெறும் பருப்பும் தயிரும் போட்டுவிட்டு, அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரில் நின்றார். பாதி சாப்பிடும்போதே, "வாணான்னா வெச்சிடும்மா, கட்டாயமில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு இன்னா சாப்டுவ?" என்று கேட்டார்.

"எது இருந்தாலும் போடுப்பா."

"அதெல்லாம் வாணாம். இப்பவே சொல்லிடு."

சொன்னேன். சோறு, கீரை, மோர். பிறகு தட்டில் ஒரு பருக்கை வைக்காமல் வழித்துச் சாப்பிட்டேன். அப்பா அதைப் பார்க்கவில்லை. நாளைக்கு நான் சொன்னதை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றார்.