மூன்றாவது பிளக்

போன வெள்ளிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் பூ வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கோயில் வாசலில் ஒரு புதுக் காருக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. மின்சாரக் கார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. ஐயர் பழக்கதோஷத்தில் பானெட்டைத் திறக்கச் சொன்னார். காரின் சொந்தக்காரத் தம்பி கொஞ்சம் வெட்கத்தோடு திறந்து காட்டினான். உள்ளே எஞ்சினே இல்லை. ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியும் அதில் ஒரு குடையும்தான் இருந்தன. ஐயர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் குடையின் மேல் தீர்த்தம் தெளித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மஞ்சளும் துளசியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

துளசித் தீர்த்தத்தை எஞ்சின் எண்ணெய் வாசனையோடு சேர்த்து முகர்ந்தவர்கள் உங்களில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். நான் முகர்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கிள்ளானில் ஒரு சீன முதலாளியின் உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நின்றேன். வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "பாஸ் இல்லையா?" என்று கேட்பார்கள். பாஸ் பின்னால் உட்கார்ந்து குதிரைப் பந்தயம் படித்துக்கொண்டிருப்பார். தலையைத் தூக்காமல் என்னைக் கை காட்டுவார். அந்தக் கை காட்டலுக்காகவே நான், எஞ்சினுக்குள் பொறி தட்டும் பிளக்குகளின் எண்களை எல்லாம் மனப்பாடம் செய்தேன். சாமி பாட்டுகூட அவ்வளவு சுத்தமாக எனக்கு வராது. ஒரு கம்பெனிக்கு எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளுவது; இன்னொரு கம்பெனிக்கு அப்படியே தலைகீழ். டர்போ அழுத்தத்தைக் கூட்டியவர்களுக்கு ஒரு படி குளிர்ந்ததைத்தான் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பிளக் நுனி பழுத்து எஞ்சினைத் தின்றுவிடும். இதை நான் விளக்கும்போது ஆண்கள் முகத்தில் வரும் திகைப்பைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருக்கும். கர்வத்துக்கு என்ன ஆகும் என்று போகப் போகத் தெரியும்.

எங்கள் வீடு பண்டமாரானில். சேகர் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். அவனிடம் ஒரு சாதாரண உள்ளூர்க் கார் இருந்தது, வெளியிலிருந்து பார்த்தால். ஜப்பானில் பழைய கார்களைப் பாதியாக வெட்டி, முன்பாதியைக் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். ஹாஃப்கட் என்று பெயர். அதில் ஒன்றின் டர்போ எஞ்சினை அண்ணனும் அவன் நண்பன் அந்தோணியும் ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று இந்தக் காருக்குள் இறக்கினார்கள். அந்தோணி லோரி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தான். அதிகம் பேசமாட்டான். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா அவனுக்குத்தான் முதலில் மீன் வைப்பார். அண்ணனுக்கு அதில் எப்போதும் ஒரு குறை.

எஞ்சின் தலைப்பக்கம் சிவப்புச் சாயம் அடித்திருந்தார்கள். பிளக்குகளின் தலையில் உட்கார்ந்து மின்சாரம் கொடுக்கும் காயில்களை மூடும் நடுத்தகட்டை அண்ணன் கழற்றிப் போட்டுவிட்டான், நான்கு காயில்களும் வரிசையாகத் தெரியவேண்டுமாம். அழகு. தண்ணீர் இறங்கும், மூடிப் போடு என்று அந்தோணி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். நாம என்ன மழையில பானெட்டத் திறந்துகிட்டா ஓட்டப்போறோம் என்று அண்ணன் அவன் வாயை அடைத்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செப்பாங் பந்தயத் தடத்தில் பொதுமக்கள் காரை ஓட்டிப் பார்க்க அனுமதி. இருவரும் பேர் கொடுத்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஓட்ட, அந்தோணி பக்கத்தில். அதற்கு முந்தின வியாழக்கிழமை மாலை நான் கடையிலிருந்து நான்கு புதுப் பிளக்குகள் கொண்டுவந்தேன். அந்தோணி எண்ணெய்த் துணியில் சுற்றிய தன் ஃபீலர் கேஜை எடுத்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், விசிறி மாதிரி விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள், பிளக்கின் இடைவெளியை அளக்க. டர்போ காற்றில் பொறி அணையாமல் இருக்க இடைவெளியைக் குறைத்து, ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து மாட்டினான். கார் வெண்ணெய் மாதிரி ஓடியது.

மறுநாள் காலை அண்ணன் இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா கோயிலிலிருந்து செம்பு நிறையத் தீர்த்தத்தோடு வந்தார். பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பானெட்டைத் திறக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டார்.

"எஞ்சின்லதானே பாப்பா உசிரு இருக்கு? அங்க ரெண்டு சொட்டு தெளிச்சிட்டா எனக்கு நிம்மதி."

ரெண்டு சொட்டுத்தானே என்று திறந்துவிட்டு வேலைக்கு ஓடினேன். அம்மாவின் பக்திக்கு ரெண்டு சொட்டு எந்த மூலைக்கு? முழுச் செம்பையும் கவிழ்த்திருக்கிறார். அண்ணன் திட்டுவானே என்று பயந்து, மேலே தெரிந்த மஞ்சளை எல்லாம் முந்தானையால் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார்.

அன்று மாலை அண்ணனும் அந்தோணியும் துறைமுகச் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். அரைமணி நேரத்தில் கார் இருமிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது. பிளக்தான் காரணம் என்றான் அண்ணன். நேற்று வரை நன்றாக இருந்தது, நீ கை வைத்தாய், கெட்டுவிட்டது என்றான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். ஒரு வருட உழைப்பின் கோபம் முழுக்க அந்தோணி தலையில் இறங்கியது.

"டீசல் லோரிக்குப் பிளக்கே கிடையாது. லோரி மெக்கானிக்க நம்பிக் காடியக் கொடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

அந்தோணி கேஜைக் காரின் மேல் வைத்தான். "நான் மூணு தடவ அளந்தேன், சேகர்" என்றான். கேஜையும் அதன் துணியையும் எடுக்காமலேயே போய்விட்டான்.

சனிக்கிழமை அண்ணன் பகல் ஷிஃப்ட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போயிருந்தான். நான் விற்ற பிளக் ஆயிற்றே, என் கர்வம் என்னைச் சும்மா விடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு காயிலின் ஒயரையும் பிடுங்கிப் பார்த்தேன். மூன்றாவதைப் பிடுங்கியபோது எஞ்சின் சத்தம் மாறவே இல்லை. மூன்றாவது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அந்தக் காயிலை முதலாவதோடு மாற்றிப் போட்டேன். அப்போதும் மூன்றாவதுதான் செத்துக் கிடந்தது. காயில் குற்றவாளி இல்லை. காயிலைத் தூக்கிவிட்டு, பிளக் உட்காரும் குழிக்குள் டார்ச் லைட்டை அடித்தேன். அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே ஒரு துளசி இலை மிதந்தது.

பழைய பனியனைத் திரித்து உள்ளே விட்டு ஒற்றி எடுத்தேன். பிளக்கைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானில் பொறி ஊர்ந்து போன கறுப்புக் கோடு. தண்ணீர் வழியாக வெளியே ஓடியிருக்கிறது. இடைவெளியை அந்தோணியின் கேஜால் அளந்தேன். மயிரிழை பிசகவில்லை. கடையிலிருந்து இன்னொரு பிளக் கொண்டுவந்து, அதே அளவு வைத்து மாட்டினேன். எஞ்சின் பழையபடி பாடியது.

மாலையில் அண்ணன் வந்து என்ன கோளாறு என்று கேட்டான். அம்மா அடுப்படிக் கதவருகே நின்று என்னையே பார்த்தார். என் வாயில் வந்தது இதுதான்: "மூணாவது காயில் சரியா உக்காரலண்ணே."

காயிலை உட்கார வைத்தது யார்? அந்தோணி. சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

"மூணு தடவ அளந்தானாம்" என்று அண்ணன் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனான். பக்கத்து சீட்டில் தண்ணீர்ப் போத்தல். வெயிலில் கறுத்து, சந்தோஷமாகத் திரும்பி வந்தான். எல்லாம் தீர்த்தத்தின் மகிமை என்று அம்மா என் காதில் கிசுகிசுத்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தோணி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கொஞ்ச நாளில் ரவாங்கில் ஏதோ தொழிற்சாலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். அம்மா மட்டும் மீன் குழம்பு வைக்கிற நாளெல்லாம் அவனைப் பற்றிக் கேட்பார்.

பல வருடங்கள் கழித்து, அம்மா காரியம் முடிந்த அன்று அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுச் செம்பு என்றதும் சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாப்பா."

"அம்மாவத் திட்டியிருப்பண்ணே."

"திட்டியிருப்பேன். ரெண்டு நாளு திட்டியிருப்பேன்."

அடுத்த வாரமே இருவரும் ரவாங்குக்குப் போனோம். நான் கேஜைக் கைப்பையில் வைத்திருந்தேன். அந்தத் தொழிற்சாலை மூடி நெடுநாளாகியிருந்தது. அந்தோணி குடியிருந்த வரிசை வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடி நின்றது. காவலாளிக்கு யாரையும் தெரியவில்லை. அண்ணன் திரும்பும் வழியெல்லாம் மெதுவாகவே ஓட்டினான்.

நான் நின்ற கிள்ளான் கடை இப்போது கைப்பேசிக் கடை. அண்ணனின் காரை எப்போதோ இரும்புக்குப் போட்டாயிற்று. பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தத் தம்பி பானெட்டை மூடிவிட்டு, கூட வந்த நண்பனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கிய சத்தம் மட்டும் கேட்டது. கார் சத்தமே இல்லாமல் போய்விட்டது. கேஜ் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, அந்தோணியின் எண்ணெய்த் துணியிலேயே சுற்றி. துருப்பிடிக்காமல் வருடத்துக்கு ஒரு தடவை துடைத்து வைக்கிறேன். அவன் வந்து கேட்டால் கொடுக்கவேண்டுமே.