பொங்கி வழிய அனுமதி

டென்மார்க்கில் போய் இறங்கிய அன்று அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "பால் காய்ச்சினியா?" என்பதுதான். நல்லபடியா போய்ச் சேர்ந்தியா, குளிருதா, சாப்பிட்டியா, இதெல்லாம் அதற்கப்புறம்தான் வந்தது. நான் இன்னும் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. போட்டிருந்த இரண்டு ஸ்வெட்டரில் ஒன்றைக் கழற்றினாலும் உயிர் போய்விடும் என்று கட்டிலில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"இது ஹாஸ்டல் ரூமும்மா. இங்க எதுக்குப் பால் காய்ச்சணும்?"

"தனி ரூமுன்னு சொன்னியே. சாவி உன்கிட்டதான இருக்கு?"

"இருக்கு."

"அப்ப அது வீடுதான். காய்ச்சிட்டு அப்புறம் பெட்டியப் பிரி."

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் சிவில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து ஒரு செமஸ்டர் மாணவர் பரிமாற்றம் என்று என்னை டென்மார்க்குக்கு அனுப்பினார்கள். விசாவுக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. எதற்கு வருகிறாய், எப்போது திரும்புவாய், சாப்பாட்டுக்கு என்ன செய்வாய், நடுவில் செத்துப்போனால் யார் செலவு, எல்லாவற்றுக்கும் தாள் கேட்டார்கள். இதே ஊர்க்காரர்கள் முன்னொரு காலத்தில் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்து கடலோரம் கோட்டையே கட்டிக்கொண்டார்கள். அவர்களிடம் திரும்பிப்போகிற டிக்கெட்டைக் காட்டு என்று யாராவது கேட்டிருப்பார்களா, தெரியவில்லை. வரவேற்புக் கூட்டத்தில் தரங்கம்பாடியைப் பற்றிப் பெருமையாக எடுத்துச் சொன்னேன். "அப்படியா, அருமை" என்று சிரித்துவிட்டு, பிஸ்கட் இருக்கிற பக்கத்தைக் காட்டினார்கள்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அம்மாள், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் உங்கள் ஜாதகத்தையே வாங்கிவிடுவார். அதில் முக்கியமான கேள்வி, "எந்தத் தெரு?" என்பது. எங்கள் தெருப் பெயரைச் சொன்னதும் அந்த அம்மாள் லேசாக நகர்ந்து உட்கார்வார், அல்லது நகராமல் இருக்கப் பெருந்தன்மையோடு முயற்சி செய்வார். டென்மார்க்கில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஆனால் வேறு எந்தக் கேள்வியையும் யாரும் கேட்கவில்லை. எங்கள் தளத்தில் பத்து அறைக்கு ஒரு அடுப்படி. அங்கே எல்லாரும் அவரவர் தட்டைக் கழுவிக்கொண்டு, அவரவர் அலமாரியை மூடிக்கொண்டு, என்னைப் பார்த்து அரைச் சிரிப்பு சிரித்துவிட்டுப் போனார்கள். சாப்பிட்டியா என்று கேட்க ஒரு நாதி இல்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அம்மா மட்டும் தினமும் கேட்டாள். பால் காய்ச்சினியா?

அவள் ஏன் அந்தப் பிடி பிடித்தாள் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு வாய்க்கால் கரையில் இருக்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கும். ரெக்கார்டில் அதற்குப் பெயர் புறம்போக்கு. வருஷா வருஷம் மேட்டூரில் தண்ணீர் திறக்கும் முன்பு வாய்க்கால் தூர் வார ஆள் வரும். கூடவே ஒரு ஜீப்பும் வரும். சுவரில் சிவப்பு பெயின்டால் ஒரு கோடு இழுத்து, "இதுவரைக்கும் காலி பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மெஷின் வரும், பாதிச் சேற்றை அள்ளிக் கரையிலேயே கொட்டும், போய்விடும். கோடு மட்டும் நிற்கும். பொங்கலுக்கு அப்பா அதன் மேல் வெள்ளையடிப்பார். அடுத்த வருஷம் மறுபடி கோடு. ஜமாபந்திக்கு ஜமாபந்தி அம்மா பட்டா கேட்டு மனு கொடுப்பாள். பார்க்கலாம் என்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொரு வருஷமும் தவறாமல் பார்க்கலாம் என்றார்கள்.

கீற்றுக் குடிசை ஷீட் போட்ட வீடானபோது அம்மா பால் காய்ச்சவில்லை. ஷீட் வீட்டுக்குச் செங்கல் சுவர் வைத்தபோதும் காய்ச்சவில்லை. "நம்ம எடம்னு எழுத்துல வரட்டும். நாளைக்கே காலி பண்ணுன்னு சொல்ற எடத்துல பாலக் காய்ச்சி யாருக்கு என்ன?" என்பாள். ஊரில் யார் புதுவீடு குடிபோகக் கூப்பிட்டாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். பால் பொங்கும்போது கண்கொட்டாமல் பார்ப்பாள். கூப்பிடாத வீடுகளுக்குப் போகமாட்டாள், ஆனால் எந்தப் பக்கம் பொங்கியது என்று விசாரித்துவிடுவாள். அவளுக்கு அது ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது, வெறி. கடைசியில் எங்கள் குடும்பத்திலேயே எழுத்தில் ஓர் இடம் கிடைத்தது எனக்குத்தான், அதுவும் டென்மார்க்கில். கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காத ஓர் அறை. அம்மாவுக்கு அது போதும்.

சரி, காய்ச்சித் தொலைப்போம் என்று ஒரு நாள் கடைக்குப் போனேன். பால் அட்டைப்பெட்டிகள் சுவர் நீளத்துக்கு அடுக்கியிருந்தன. எழுத்து ஒன்றும் புரியவில்லை. ஒரு பெட்டியில் விளைந்த கதிர் படம் போட்டிருந்தது. வயற்காட்டுப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? நல்ல தீனி தின்ற மாட்டுப் பால் போலிருக்கிறது என்று அதையே வாங்கி வந்தேன். அடுப்படியில் பாத்திரத்தை வைத்து, சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து, அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

பால் பொங்கவே இல்லை. சூட்டைக் கூட்டிக் கூட்டி வைத்தேன். மெதுவாகக் கொழகொழத்தது.

"என்னடி அது, கஞ்சி மாதிரி இருக்கு?"

"தெரியலம்மா."

"அந்த ஊரு மாட்டுக்கு என்ன கேடு?"

மாட்டுக்கு ஒரு கேடும் இல்லை. அந்தப் பெட்டிக்கும் மாட்டுக்கும் சம்பந்தமே இல்லை, ஓட்ஸை அரைத்துப் பிழிந்த தண்ணீர் அது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அடி பிடித்துப் புகை கிளம்பி, கூரையில் இருந்த அலாரம் அலற ஆரம்பித்தது. கட்டடமே காலுறையோடும் துண்டோடும் தெருவுக்கு வந்து குளிரில் நின்றது. தீயணைப்பு வண்டி வந்தது. ஹெல்மெட் போட்ட ஒருவர் மாடியேறிப் போய், சன்னலைத் திறந்துவிட்டு இறங்கி வந்தார். எங்கள் தளத்து ஆட்கள் எல்லாரையும் ஒன்றாக நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் விடுதி அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். மறுபடி இப்படி நடந்தால் அறையை எனக்குத் தொடர்ந்து தருவது பற்றி யோசிக்க வேண்டியிருக்குமாம். மிகவும் மரியாதையான மொழி. சிவப்பு பெயின்ட் ஒன்றுதான் பாக்கி. எங்கே போனாலும் காலி பண்ணச் சொல்லும் அதிர்ஷ்டம் எங்கள் வம்சத்துக்கே உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் அலாரம் கதையைச் சொல்லவில்லை. பால் சரியில்லை, வேறு வாங்கணும் என்றேன்.

அடுத்த முறை கடைக்காரப் பெண்ணிடம் இரண்டு தடவை கேட்டு, மாடு கறந்த பாலையே வாங்கினேன். எல்லாரும் வகுப்புக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, சூட்டைக் குறைத்து வைத்தேன். எனக்குக் காலை, அம்மாவுக்கு மத்தியானம். அவள் தலைக்குக் குளித்துவிட்டுப் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை ஏடு கட்டி, ஓரத்தில் நுரை கூடி, பால் அழகாக எழும்பி வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றேன்.

அப்போது உள்ளே வந்தான், கோடி அறை நெட்டையன். அந்த ஊர்ப் பையன், நிலையில் தலை இடிக்கும் உயரம். அவன் கண்ட காட்சி இது: ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கின பெண், பால் பொங்கி வழியப்போகிறது, அசையாமல் நின்று சிரிக்கிறாள். பாவம், அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் என்று நினைத்திருப்பான். ஒரே தாவில் வந்து பாத்திரத்தைத் தூக்கிவிட்டான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவ்வளவு திறமை.

"அடப்பாவி! பொங்குற பாலத் தூக்குறான் பாரு! கையில கொள்ளிய வைக்க!" என்று போனுக்குள்ளிருந்து அலறினாள் அம்மா.

அவன் போனைப் பார்த்துக் கையசைத்தான். "உன் அம்மாவா? என்ன சொல்கிறார்?"

"நன்றி சொல்கிறார்" என்றேன்.

அவனுக்கு ஒரே பூரிப்பு. அம்மா போனை வைத்துவிட்டாள். மறுநாளும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டதற்கு அப்பா எடுத்து, "படுத்திருக்கா. பொங்க வந்த பாலு நின்னு போச்சுன்னு ஒரே பொலம்பல். எடம்னாலே நமக்கு ராசியில்லன்னு சொல்றா" என்றார்.

போனை வைத்துவிட்டு அடுப்படி மேஜையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதேன். எனக்கு அந்தச் சடங்கில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. அம்மா படுத்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. நெட்டையன்தான் வந்தான். அன்றைக்குப் பார்த்து அவனுக்குக் கேள்வி கேட்கத் தோன்றியது. வாய்க்கால் கரை, சிவப்புக் கோடு, பட்டா, பால் எல்லாவற்றையும் கொட்டினேன். பால் வழிந்தே ஆகவேண்டும், வேண்டுமென்றே, அதுதான் விஷயம் என்று சொன்னபோது அவன் முகம் சுண்டிவிட்டது. "இதை அடுப்படிக் கூட்டத்தில் வைக்க வேண்டும்" என்றான்.

கூட்டம் வைத்தார்கள். ஃபிரிட்ஜ் கழுவுவது யார் என்பதற்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நடுவில் என் பால். எவ்வளவு வழியும் என்று ஒருவன் கேட்டான். யார் துடைப்பது என்று ஒருத்தி கேட்டாள். கழுவுகிற தொட்டிக்குள் வைத்துக் காய்ச்சினால் ஆகாதா என்றான் இன்னொருவன். பாலே தொடாத ஒரு பெண், ஓட்ஸ் பாலில் செய்யலாமே என்று அன்பாகச் சொன்னாள். "அது பொங்காது. நான் பார்த்துவிட்டேன்" என்றேன். கடைசியில் எல்லாரும் கை தூக்கினார்கள். நெட்டையன் அலுவலகத்துக்கு எழுதினான். ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம், தகுந்த ஆட்கள் உடனிருக்க, பாலைப் பொங்கி வழியவிட அனுமதிக்கப்படுகிறது என்று மறுநாளே பதில் வந்துவிட்டது. எங்கள் தாலுகா ஆபீசை நினைத்துக்கொண்டேன்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "அந்த நெட்டப் பய இருப்பானா?" என்றாள். இருப்பான், ஆனால் தொடமாட்டான் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தளமே அடுப்படியில் கூடியிருந்தது. கையில் ஆளுக்கொரு துணி. நான் சொல்லாமலே மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். அந்த ஊரில் எதற்கெடுத்தாலும் மெழுகுவத்திதான். போனில் அம்மா பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள், பின்னால் எங்கள் தெருவே முண்டியடித்தது. பால் எழும்பியது. நெட்டையனின் கை தன்னையறியாமல் நீண்டது. இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். பால் விளிம்பைத் தாண்டி வழிந்து அடுப்பெல்லாம் ஓடியது. அது மின்சார அடுப்பு, கீ கீ என்று கத்திவிட்டுத் தானாக அணைந்தது.

"எந்தப் பக்கம்?" என்று அங்கிருந்து தெருவே கேட்டது.

அந்த ஊரில் நான் சூரியனைப் பார்த்தே பல நாளாகியிருந்தது. ஒருவன் போனில் திசைகாட்டியைத் திறந்து அடுப்போரம் வைத்தான். "வடக்கு" என்றேன். குலவைச் சத்தத்தில் போன் கரகரத்தது. இந்தப் பக்கம் கைதட்டினார்கள், உடனே துடைக்கவும் ஆரம்பித்தார்கள். மிச்சப் பாலில் சர்க்கரை போட்டு ஆளுக்கு அரை கப் கொடுத்தேன்.

சத்தம் அடங்கியதும் அம்மா போனுக்கு மிக அருகில் வந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் சிவப்புக் கோடு தெரிந்தது.

"இனிமே யாரும் வந்து காலி பண்ணச் சொல்ல மாட்டாங்கல்ல?"

செமஸ்டர் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"ஆறு மாசத்துக்குச் சொல்ல மாட்டாங்கம்மா. கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்திருக்காங்க."

முகம் வாடிவிடும் என்று பயந்தேன். அவள் தெருப்பக்கம் திரும்பி, "கேட்டியளா? ஆறு மாசமாம்! எழுதியே குடுத்திருக்காங்களாம்!" என்றாள். சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நெட்டையன் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "என்ன சொல்கிறார்?"

இந்தத் தடவை மாற்றாமல் அப்படியே சொன்னேன்.

அவனுக்கு விளங்கவில்லை. "ஆறு மாதம்தானே?" என்றான்.

"ஆமாம். முழுசாக ஆறு மாதம்" என்றேன்.