கொழும்பிலிருந்து வந்த கார்

பினாங்கில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்குப் பழைய கார் வாங்க வருகிறவர்கள், பானெட்டைத் திறக்கும் முன்பே மைல் மீட்டரைப் பார்ப்பார்கள். எண் குறைவாக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். நேற்றும் ஒருவர் அப்படி மகிழ்ந்தார். நான் மீட்டரையே பார்த்து நின்றதைக் கண்ட சீன முதலாளி, வண்டியில் ஏதோ பழுது என்று எண்ணி, "ரோசாக்?" என்று மலாயில் கேட்டார். ஊர் நினைவு வந்துவிட்டது என்றேன். காரை ஊருக்கு அனுப்பக் கேட்கிறேன் என்று புரிந்துகொண்டு, கப்பல் கூலி கட்டாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில வருடங்களுக்கு முன் விடுப்பில் தென்காசி போயிருந்தேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கும் சமயம். என் அண்ணன் சுப்பையா, டாக்சி ஓட்டிப் பிழைக்கலாமென்று இருந்த வயலை விற்றுவிட்டுக் கார் தேடிக்கொண்டிருந்தான். குற்றாலத்தில் அருளப்ப அண்ணாச்சியிடம் ஓர் இங்கிலாந்துக் கார் இருந்தது. கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் அவர். மனைவியை அங்கே அடக்கம் செய்துவிட்டு, குடியுரிமை கிடைக்காமல் கடையையும் இழந்து, காரோடு கப்பலேறி வந்தவர்.

மீட்டரில் எண் மிகக் குறைவு. முதலில் நான் நம்பவில்லை. பெடல் ரப்பரைத் தடவிப் பார்த்தேன். வரிகள் தேயவே இல்லை. ஓட்டுநர் இருக்கையும் அமுங்கியிருக்கவில்லை. மீட்டர் சொன்னது உண்மைதான். பிறகு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். வருடக்கணக்கில் சாரலின் ஈரம் தரைத்தகட்டைத் தின்றிருந்தது. ஸ்குரூ டிரைவர் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. பிரேக் துருவேறி இறுகிக் கிடந்தது.

"ஓடாத வண்டி தம்பி, எப்படிக் கெடும்?" என்றார் அண்ணாச்சி.

"நின்னதுலதான் கெட்டுருக்கு அண்ணாச்சி. ஆளை ஏத்தி ஓட்ட முடியாது."

அண்ணன் தெருவுக்குப் போய்விட்டான். அண்ணாச்சி காரின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"விக்கது கெடக்கட்டும். திரும்பக் கொழும்புல கொண்டு எறக்குனா ஒரு மைல் ஓடுமா? கல்லறை துறைமுகத்துக்குப் பக்கந்தான். அவ அங்கன தனியாக் கெடக்கா."

இனி அங்கே போக அவருக்கு அனுமதி கிடைக்காது. அது எங்கள் இருவருக்குமே தெரியும். பிரேக்கைச் சரிசெய்தால் ஒரு மைல் ஓடும் என்றேன். பொய்யில்லை. அவர் தலையசைத்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் லாரி ஓட்டப் போய்விட்டான். அடுத்த மழைக்காலத்தில் அண்ணாச்சி இறந்தார். அடுத்த விடுப்பில் அண்ணனும் நானும் தென்காசிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவர் கேட்டுக்கொண்டபடி கல்லில் அவர் பெயரோடு மனைவியின் பெயரையும் வெட்டியிருந்தார்கள். கீழே மண்ணில் அவர் மட்டும் இருந்தார். கொழும்பில் அந்த அம்மாளின் கல்லில், அவள் பெயருக்குக் கீழே, அவருக்கென்று இடம் விட்டு வைத்திருக்கிறார்களாம்.