துபாஷியின் நாற்காலி

இங்கே இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. இரண்டும் புரிந்து நடுவில் நிற்கும் என்னை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. மலேசியாவில், சுங்கைப்பட்டாணி மரச்சாமான் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மலாய் பேச வந்துவிட்டதால், ஊரிலிருந்து வரும் ஆட்களுக்கெல்லாம் நான்தான் வாய்.

அலோர் ஸ்டாரில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய ஆங்கில அகராதியில் என் வேலைக்குப் பெயர் இருந்தது: டுபாஷ். நம் துபாஷிதான். முதலில் இரண்டு மொழிக்காரர். பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தரகர். பிறகு துரைக்கு உடுப்பு எடுத்துக்கொடுக்கும் வேலையாள். துறைமுகங்களில் கப்பலுக்குச் சாமான் வாங்கித் தருபவர். இப்போது வழக்கில் இல்லை என்று போட்டிருந்தது. 'நான் இருக்கிறேனே ஐயா' என்று அகராதியிடம் சொல்லிச் சிரித்தேன். மொழி சொல்பவன் எப்படித் தரகனாகிறான் என்பது முருகேசன் விஷயத்தில்தான் விளங்கியது.

முருகேசன் புதுக்கோட்டைப் பக்கம். என் அறையில் தங்கியிருப்பவன். அவன் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். இவன் ஒரே தாய்மாமன். பத்து நாள் லீவு கேட்டான். காது குத்தக் கடைக்குப் போனால் ஐந்து நிமிஷம்தானே என்றார் சூப்பர்வைசர் ஃபௌசி. மடியின் உரிமையை எந்த மலாயில் சொல்வது? தொடையைத் தட்டிக் காட்டினேன். சிரித்துவிட்டு, "தா போலே லா" என்றார். முடியாது என்றுதான் அதற்குப் பொருள்.

"என்னண்ணே சொல்றாரு?"

முருகேசன் முகத்தைப் பார்த்தேன். "யோசிக்கிறேங்கிறாரு. கெடைச்சிரும்டா."

தனியாகப் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு முறை கேட்டும் அதே பதில்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் பத்திரிகையே அடித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் சொன்னேன். குழந்தை வேறு யாரோ மடியில் உட்கார்ந்து அழுததை இவன் போனில் பார்த்தான்.

"அவரு முடியாதுன்னதை அன்னைக்கே சொல்லிருந்தா தேதியத் தள்ளிருப்போம்ல? அவரு ஒண்ணு சொன்னாரு, நீங்க சொந்தமா ஒண்ணு சொன்னீங்க." அதில் 'அண்ணே' இல்லை.

நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைப் பேசுகிறேன். சொந்தமாகச் சொன்ன ஒரே ஒரு வார்த்தையும் பொய்யாகப் போனதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

மறுநாள் மத்தியானம் கேன்டீனில் வெறுங்கையோடு நின்றேன். ஃபௌசியின் மேசையில் நான் வெளிநாட்டுத் தொழிலாளி. நம் ஆட்கள் மேசையில், நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் முருகேசன் தன் பையை வைத்திருந்தான். சோறு போடும் லெட்சுமி அக்கா இங்கேயே பிறந்தவர்.

"தம்பி, எங்க உக்காரப் போறே லா? கொழம்பு கொண்டாறேன்."

"புங்குஸ் பண்ணிடுங்கக்கா" என்றேன். கட்டித் தரச் சொல்ல எனக்கு இப்போது அந்த மலாய்ச் சொல்தான் முதலில் வருகிறது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு இரண்டு மேசைக்கும் நடுவே நடந்து வெளியே போனேன்.