டாங்கி மூடியில் ஒரு துளை

காரணம் தெரிந்த மனிதன் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டுமா? சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மோட்டார் ரிப்பேர் பார்த்துவந்த உபகாரசாமியின் வாழ்க்கையை நினைத்தால் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. இத்தனைக்கும் அவர் ஐந்தாவதுக்கு மேல் படித்தவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், பிரசங்கத்தில் பாதி நேரம் கண்ணயர்வார். அவரைவிடக் கைத்திறன் உள்ளவர்கள் சேலத்தில் இரண்டு மூன்று பேராவது இருந்தார்கள். வேகமும் அவருக்குக் கிடையாது. ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மற்றவர்களைப் போல் இல்லை. ஒரு வண்டி எதனால் நின்றது என்று கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால் அதோடு விடமாட்டார். சொந்தக்காரரைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே அந்தக் கோளாறை மறுபடியும் வரவழைப்பார். வண்டி நிற்கும். பிறகு சரிசெய்வார். வண்டி ஓடும். அப்போதுதான் வேலை முடிந்ததாக அவருக்குக் கணக்கு.

பஸ் முதலாளிகளுக்கு இது பெரிய தொந்தரவு. "ஓடுதில்ல, விடுய்யா, ஆளுங்க காத்துக் கெடக்கறாங்க" என்பார்கள். "எதனால ஓடலைன்னு பாத்துட்டுப் போங்க" என்று இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் வீட்டில் சோறு அடிப்பிடித்துவிட்டது. "எதனால பிடிச்சது?" என்று கேட்டுவிட்டார். "நாளைக்கும் ஒருதரம் கருக்கிக் காட்டட்டுங்களா?" என்றாள் மனைவி அன்னாள்.

1936-ஆம் வருஷம் ஆவணியில் சேந்தமங்கலத்திலிருந்து அவருக்கு ஆள் வந்தது. அங்கே அருணகிரி என்று ஒரு மிராசுதார். கொல்லிமலைக்கு வேட்டைக்குப் போகும் துரைகள் தங்குவதற்கென்று ஊருக்கு வெளியே பங்களா கட்டி, முன்னால் அரை ஏக்கரில் புல்தரை போட்டிருந்தார். அந்தப் புல்லை வெட்ட, ஏற்காட்டை விட்டுச் சீமைக்குப் போன ஒரு தோட்டத் துரையிடமிருந்து மோட்டார் வண்டி ஒன்றையும் வாங்கியிருந்தார். முன்பக்கம் உருளையில் சுற்றிய கத்திகள், அதற்கு மேல் எஞ்சின், பின்னால் இரும்பு உருளையோடு ஓர் இருக்கை. அதில் ஆள் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்து ஓட்டவேண்டும். புல்வெட்டி வண்டி என்று அதற்குப் பெயராகிவிட்டது. மாட்டுக்குப் போடாமல் புல்லை வெட்டிக் குவிக்கிற அதிசயத்தைப் பார்க்கச் சுற்றுப்பட்டிலிருந்து ஜனங்கள் வந்தார்கள். "மெல்லுது, முழுங்க மாட்டேங்குது. இதுக்கு எதுக்குச் சாமி இத்தன எண்ணெ?" என்று ஒரு கிழவர் கேட்டது ஊரெல்லாம் பரவியிருந்தது.

வண்டியை ஓட்டியவன் சென்னியப்பன். அதுவரை மிராசுதாரின் கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைத்தவன். மாடுகள் சரிவில் இறங்கும்போது கயிற்றின் மேல் உட்கார்ந்தபடியே போகிற ஆள் என்பதால், ஓடுகிற எதன்மேலும் உட்காரத் தெரிந்தவன் என்று அருணகிரி அவனைத் தேர்ந்தெடுத்தார். பங்களா கொல்லையில் அவனுக்கும் அவன் மனைவி ஆத்தாயிக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் ஓர் ஓட்டுவீடு கொடுத்திருந்தார். திரும்புகிற இடத்தில் அவன் வண்டியைப் பார்த்து "ஏய், ஏய்" என்று நாக்கைச் சொடுக்குவான். வண்டி திரும்பும். தான் சொன்னதால் திரும்பியது என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும்.

அந்த முதல் தடவை கோளாறுகள் சாதாரணமானவை. காலையில் கிளம்ப மறுத்தது, பிளக்கில் கரி. புல்லை வெட்டாமல் பிடுங்கியது. சுழலும் கத்திக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தது. உபகாரசாமி இடைவெளியைக் குறைத்து, ஒரு பத்திரிகைத் தாளைக் கிழித்து நடுவில் கொடுத்து உருளையைக் கையால் சுற்றினார். தாள் கத்தரித்தாற்போல் அறுந்து விழுந்தது. பிறகு வழக்கப்படி இடைவெளியை மறுபடி கூட்டி, தாள் மடங்கிக் கிழிவதை அருணகிரிக்குக் காட்டினார்.

அருணகிரிக்கு இது பிடித்துப்போயிற்று. "ஏனப்பா மேஸ்திரி, தையிலே மூணு கெணத்துக்கும் ஆயில் எஞ்சின் வெக்கப் போறேன். மூணையும் நீயே பாத்துக்க. வருசம் பூரா வேலை" என்றார். அன்றிரவு இதைக் கேட்ட அன்னாள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். வாடகைக் கொட்டகையில் யார் வண்டி எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் வாரம் அருணகிரியின் கணக்குப்பிள்ளையிடமிருந்து கார்டு வந்தது. வண்டி கால் மணிக்கு மேல் ஓடுவதில்லை, வெள்ளிக்கிழமை துரைகள் வருகிறார்கள், உடனே வரவும்.

உபகாரசாமி போய்ச் சேர்ந்தபோது அருணகிரி வாசலிலேயே நின்றிருந்தார். ஐப்பசி மழைக்குப் புல் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"மேஸ்திரி, இது வண்டிக் கோளாறு இல்லே, ஆளுக் கோளாறு. பெட்ரோலை உருவி வித்துப்போட்டு, சீமெண்ணெயக் கலந்து வெக்கறான். அதுதான் வண்டி மூச்சு வாங்குது. நீ பாத்து ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. பொழுது சாயறதுக்குள்ள அவனையும் அவன் பொண்டாட்டி புள்ளைகளையும் ஊட்டை உட்டு வெளியே போடறேன்."

"பாத்துட்டுச் சொல்றனுங்க."

கொட்டகையில் சென்னியப்பன் முகம் வெளிறி நின்றான். கும்பிட்டான். உபகாரசாமி டாங்கிக்கு அடியிலிருந்த குழாயைத் தளர்த்தி, பெட்ரோலில் கொஞ்சம் உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தார். சுத்தமான பெட்ரோல். கை உலர்ந்த பிறகு பிசுக்கு இல்லை. திருட்டு இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் வண்டி ஏன் நிற்கிறது?

எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். ஒரே சுழற்றலில் கிளம்பியது. சென்னியப்பன் ஏறி உட்கார்ந்து இரண்டு சால் ஓட்டினான், மூன்றாவது, நான்காவது. பதினாறாவது நிமிஷம் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"இப்படித்தானுங்க. களச்சுப் போகுது. வேப்ப மரத்து நெழல்ல அரை மணி நேரம் உட்டா மறுபடியும் கால் மணி ஓடும்."

"மாடாடா இது, களைக்கறதுக்கு?"

பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நீலப் பொறி பளிச்சென்று அடித்தது. பொறியைத் தரும் மாக்னெட்டோ சூடானதும் சோர்ந்துபோவது உண்டு. இங்கே அது இல்லை. டாங்கியிலிருந்து பெட்ரோல் வந்து சேரும் கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தார். உலர்ந்து கிடந்தது. டாங்கியை ஆட்டினால் பெட்ரோல் களக் களக் என்கிறது, கிண்ணத்தில் மட்டும் சொட்டு இல்லை. குழாயைக் கழற்றி ஊதினார். அடைப்பில்லை. திரும்ப மாட்டினார். அதற்குள் அரை மணி ஆகிவிட்டது. கிண்ணத்தில் பெட்ரோல் தானாகவே நிரம்பியிருந்தது. தானாகவே என்ற சொல் உபகாரசாமிக்குப் பிடிக்காத சொல்.

மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடி பதினாறு நிமிஷம். இந்தத் தடவை அவர் வேறு எதையும் தொடாமல் நேரே டாங்கியிடம் போனார். இருக்கைக்கு முன்னால் தாழ்ந்த இடத்தில் டாங்கி மூடி. அதன்மேல் ஒரு பழந்துணி போட்டிருந்தது.

"அதைத் தொடாதீங்க மேஸ்திரி! கணக்குப்புள்ளை வந்துதான் தொறக்கோணும்."

"நீ இதுவரைக்கும் தொறந்ததே இல்லையா?"

"காத்தால அவரு ஊத்தி மூடிப்போட்டுப் போவாருங்க. நான் கையி வெச்சா எடுத்தேம்பாங்க."

உபகாரசாமி விளிம்பைப் பிடித்துத் திருகினார். உஸ்ஸென்று டாங்கி காற்றை உள்ளே இழுத்தது. மூடியைத் தளர்த்தியபடியே வைத்து எஞ்சினைச் சுழற்றினார். உடனே கிளம்பியது.

மூடியை எடுத்துப் பார்த்தார். நடுவில் சந்தனம் கெட்டியாக அப்பி, மேலே குங்குமம்.

"இது என்னடா?"

சென்னியப்பன் சுற்றும்முற்றும் பார்த்தான். "பூசைக்கு வெச்சதுங்க."

"பூசை முடிஞ்சு மூணு வாரமாச்சு."

"தெனம் கணக்குப்புள்ளை வர்றதுக்குள்ள மேலாப்பல தொடச்சுப்போட்டு, அவரு ஊத்திட்டுப் போனதும் புதுசா வெப்பனுங்க. இது தொரைங்க வண்டி, இதுக்குப் பொட்டு கிட்டு வெச்சீன்னா தொரைங்க பாத்துச் சிரிப்பாங்க, தோலை உரிச்சுப்போடுவேன்னு எசமான் சொல்லிப்போட்டாருங்க. ஏருக்கு வெச்சோம், அருவாளுக்கு வெச்சோம், கவலைச் சாலுக்கு வெச்சோம். இது மட்டும் மொட்டை நெத்தியோட நின்னுதுங்க. எனக்கு மனசு கேக்கல. கண்ணுக்குத் தெரியாத எடமாப் பாத்து வெச்சு, துணியப் போட்டு மூடிப்போட்டனுங்க."

"அங்க ஒரு தொளை இருந்துச்சே, பாக்கலையா?"

"பாத்தனுங்க. பொட்டு வெக்கறதுக்குன்னே எடம் உட்டாப்பல இருந்துதுங்க."

உபகாரசாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"எளநிக்கு ஒரே ஒரு சின்னத் தொளை போட்டுக் கவுத்தா என்ன ஆகும்?"

"ஊத்தாதுங்க. முக்கி முக்கி வரும்."

"அக்கட்ட இன்னொரு தொளை போட்டா?"

"சரசரன்னு… அட சாமி!" சென்னியப்பன் தலையில் கைவைத்துக்கொண்டான். மூடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். பிறகு, குறை சொல்கிற குரலில் அல்ல, ஞாபகம் வந்ததைச் சொல்கிற குரலில் சொன்னான்: "ஆவணியில நீங்க வந்தப்ப, இந்தத் தொளை எதுக்குங்கன்னு கேட்டனுங்க. ஓட்டறவனுக்கு அதெல்லாம் எதுக்கு, போயி ஓட்டுன்னீங்க."

உபகாரசாமிக்கு அப்படிச் சொன்னதாக நினைவில்லை. நினைவில்லை என்பதற்காக நடக்கவில்லை என்று ஆகிவிடாது என்பது அவருக்குத் தெரியும். முதலாளிகளை நிறுத்திவைத்துக் காரணம் காட்டிய அத்தனை வருஷத்தில், ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறார் என்று அந்த நேரம் யோசித்தாரோ என்னவோ.

"எசமாங்கிட்டச் சொல்லிப்போடுவீங்களா?" என்றான் சென்னியப்பன். சொல்லுவார் என்பது சேலம் ஜில்லாவுக்கே தெரிந்த விஷயம். திருட்டுப் பழி போகும். சொன்ன பேச்சைக் கேட்காமல் பொட்டு வைத்து வண்டியைக் கெடுத்த பழி வரும். இரண்டுக்கும் வீடு போய்விடும்.

பங்களாப் பக்கமிருந்து அருணகிரியின் செருப்புச் சத்தம் கேட்டது. கணக்குப்பிள்ளையும் கூட வந்தார். உபகாரசாமி கம்பி ஒன்றை எடுத்துத் துளையைக் குத்தி, மூடியைப் பெட்ரோலில் கழுவித் துடைத்தார். குங்குமம் பட்ட துணியைத் தன் பைக்குள் திணித்தார். பிறகு கிரீஸ் டப்பியைத் திறந்து, விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து, அதே துளையில் வைத்து அழுத்தினார்.

"என்ன மேஸ்திரி, சீமெண்ணெய்தானே?"

"இல்லீங்க, பெட்ரோல் சுத்தம். கோளாறு இந்த மூடியில. ஆவணியில நான் போட்ட கிரீஸ் கொஞ்சங் கொஞ்சமா எறங்கி இந்தக் காத்துத் தொளையில அடைஞ்சு போச்சுங்க. நான் பாக்காம உட்டுட்டேன்."

"காட்டு."

காட்டினார். பதினாறு நிமிஷமும் எல்லோரும் வெயிலில் நின்றார்கள். வண்டி நின்றது. மூடியைத் திருகினார், உஸ்ஸென்றது, வண்டி கிளம்பியது. துளையைக் குத்திச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு அரை மணிக்கு மேலாகியும் நிற்கவில்லை. உபகாரசாமி காட்டியவற்றிலேயே மிகத் தெளிவான விளக்கம் அதுதான் என்று கணக்குப்பிள்ளை பின்னால் சொல்வதுண்டு.

"அப்ப உன் தப்புன்னு நீயே சொல்றே."

"என் தப்புத்தானுங்க."

"ஒரு சுண்டைக்காய் மூடியைப் பாக்கத் தெரியாதவங்கிட்ட மூணு எஞ்சினைக் குடுத்தா, கெணறு மூணும் தூந்து போகும். நீ வந்த பஸ்ஸிலேயே போ."

சென்னியப்பன் வாயைத் திறந்தான். உபகாரசாமி அவன் பக்கம் திரும்பி, "எறங்காதே, ஓட்டு. மேக்கால சால் பாக்கி இருக்குது" என்றார்.

தை மாதம் மூன்று எஞ்சின்களும் வந்தன. நாமகிரிப்பேட்டையிலிருந்து வேறொருவர் பார்த்துக்கொண்டார். செவ்வாய்ப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் இவருக்குக் கிரீஸ் மேஸ்திரி என்று பெயர் விழுந்து, நான்கைந்து வருஷம் நிலைத்திருந்தது. பாதி பஸ் முதலாளிகள் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். அன்னாள் அப்பளம் இட்டு விற்க ஆரம்பித்தாள்.

1942-இல் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அருணகிரி புல்வெட்டி வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அடுத்த வாரமே சென்னியப்பன் ஒரு தார் வாழைப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு உபகாரசாமியின் கொட்டகைக்கு வந்தான். ஆயில் எஞ்சின் ஒன்றை இப்போது அவன்தான் ஓட்டுகிறான் என்றான். அவனில்லாமல் மிராசுதாருக்கு ஒரு நாளும் ஓடாது என்றான். அன்னாளும் அங்கே இருந்தாள். சந்தனப் பொட்டின் கதையை அவள் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டாள்.

"இனி என்னை ஒண்ணும் பண்ணமாட்டாருங்க. நாளைக்கே போயி எசமாங்கிட்ட உள்ளதைச் சொல்லிப்போடறேன். உங்க பேரு சுத்தமாயிரும். மூணு எஞ்சினும் உங்க கைக்கே வந்துருமுங்க."

"சொல்லச் சொல்லுங்க" என்றாள் அன்னாள்.

உபகாரசாமி ஒரு பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்."

"ஏனுங்க?" என்றான் சென்னியப்பன்.

"சொல்லாதேன்னா சொல்லாதே. சத்தியம் பண்ணிட்டுப் போ."

சென்னியப்பன் அழாத குறையாகச் சத்தியம் செய்துவிட்டுப் போனான். எதனால் வேண்டாம் என்றார் என்று அன்னாள் அன்று கேட்டாள், அடுத்த வாரம் கேட்டாள், பிறகு பல வருஷம் விட்டு விட்டுக் கேட்டாள். அந்தக் காரணத்தை மட்டும் அவர் யாருக்கும் காட்டவில்லை.